கடலோர வீட்டு மனையில் அரசுக்கு நிரந்தர ஈஸ்மெண்ட்: நியூ ஜெர்சியில் வீடு வாங்கலாமா?

எடிசன்காரர்:

எல்லாருக்கும் வணக்கம். கடலோரத்தில் குடியிருப்பவர்களும் சட்டம் தெரிந்தவர்களும் இங்கே இருப்பதால் கேட்கிறேன்.

என் மைத்துனர் குடும்பம் நியூ ஜெர்சியில் லாங் பீச் ஐலண்டில் ஒரு வீடு பார்த்து வைத்திருக்கிறார்கள். அட்லாண்டிக்கைப் பார்த்த முதல் வரிசை. மூன்று குடும்பம் சேர்ந்து போடும் பணம். டைட்டில் ரிப்போர்ட் (சொத்தின் உரிமை விவர அறிக்கை) கைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, மனையின் கடல் பக்கத் துண்டு மீது மாநில அரசுக்கும் நகராட்சிக்கும் நிரந்தர ஈஸ்மெண்ட், அதாவது நம் நிலத்தை அவர்கள் பயன்படுத்தும் உரிமை, பதிவாகியிருக்கிறது. அந்த இடத்தில் அவர்கள் மணல்மேடு எழுப்பலாம், உயர்த்தலாம், புல் நடலாம், வேலி போடலாம், ரோந்து வரலாம். பொதுமக்களும் கரையைப் பயன்படுத்தலாம். வீட்டுக்காரர் அங்கே ஒரு கொட்டகை கூடப் போட முடியாது. ஆனால் பட்டா நம் பெயரில், சொத்து வரியும் நம் தலையில்.

ஏஜெண்டைக் கேட்டால் "இந்தத் தெருவில் எல்லாருக்கும் இது உண்டு, கவலைப்படாதீர்கள்" என்கிறார். மைத்துனருக்கு மனசு ஒப்பவில்லை. "கடல் தெரியும் என்றுதானே இவ்வளவு விலை? நாளைக்கு அரசாங்கம் மேட்டை இன்னும் உயர்த்தினால்?" என்று கேட்கிறார். எனக்கும் பதில் தெரியவில்லை. இது சாதாரண விஷயமா? இப்படி ஒருவர் சொத்தில் அரசு நிரந்தரமாக உட்காருவது நியாயமா?

சிவில்காரன்:

நியாயம் அநியாயம் அப்புறம் பேசலாம். முதலில் அந்த மேடு எதற்கு என்று பார்ப்போம்.

2012 அக்டோபர் 29-ம் தேதி ராத்திரி சாண்டி புயல் கரையேறியது. லாங் பீச் ஐலண்டுக்கு வடக்கே, பார்னகாட் தீபகற்பத்தில் மேண்டலோக்கிங் என்று ஒரு சின்ன ஊர். அங்கே கடல் ஹெர்பர்ட் தெருப் பாலத்தருகே நிலத்தைப் பிளந்துகொண்டு பின்பக்க விரிகுடா வரைக்கும் போனது. கடலோர வரிசையில் பாதிக்கு மேற்பட்ட வீடுகள் சேதமடைந்தன அல்லது அடியோடு போயின. அதற்கு ஒட்டினாற்போல் வடக்கே பே ஹெட். அதே புயல், அதே அலை. அங்கே கடலோர வரிசையில் இடிந்து போனது ஒரே ஒரு வீடு என்று பின்னால் வந்த ஆய்வு சொன்னது. காரணம் 1882-ல் கட்டிய ஒரு கல்சுவர். 1,260 மீட்டர் நீளம். மணலுக்கு அடியில் புதைந்து கிடந்ததால் பலருக்கு அது இருப்பதே மறந்து போயிருந்தது. புயல் மணலை அரித்த பிறகு சுவர் வெளியே வந்து அலையை எதிர்கொண்டது.

இதில் தெரிந்துகொள்ள வேண்டியது, தடுப்பு தொடர்ச்சியாக இருக்க வேண்டும். பத்து வீட்டுக்காரர்கள் இடம் கொடுத்து நடுவில் ஒருவர் மறுத்தால், அவர் வீட்டு முன்னால் விடுபடும் இடைவெளி வழியாகத்தான் தண்ணீர் உள்ளே பாயும். அவரோடு நிற்காது, பக்கத்து வீடு, பின் தெரு, மெயின் ரோடு எல்லாம் போகும். அதனால்தான் ஆர்மி கோர் பொறியாளர்கள் (மணல் கொட்டும் வேலையைச் செய்யும் மத்திய ராணுவப் பொறியாளர் படை) ஒரு பகுதியில் வேலை தொடங்கும் முன் அங்கே தேவையான எல்லா மனைகளுக்கும் ஈஸ்மெண்ட் கேட்கிறார்கள். ஒருமுறை கொட்டிய மணல் அப்படியே நிற்காது. சில வருடத்துக்கு ஒருமுறை திரும்பக் கொட்ட வேண்டும், திட்டக்காலம் 50 வருடம். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு வீட்டுக் கதவைத் தட்டிக் கையெழுத்து வாங்க முடியாது என்பதால் "நிரந்தரம்" என்கிறார்கள்.

சட்டப்பிரியை:

எடிசன்காரர் அண்ணா, உங்கள் மைத்துனர் பார்க்கும் அதே தீவில்தான் இந்த விஷயத்தின் முக்கியமான வழக்கு நடந்தது. ஹார்வி சீடர்ஸ் நகராட்சிக்கும் காரன் என்ற தம்பதிக்கும். விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் இதில் இருக்கிறது.

ஹார்வி சீடர்ஸில் 82 மனைகளில் ஈஸ்மெண்ட் தேவைப்பட்டது. 66 பேர் இழப்பீடு இல்லாமலே கையெழுத்துப் போட்டார்கள். 16 பேர் மறுத்தார்கள். நகராட்சி கையகப்படுத்தும் அதிகாரத்தைப் பயன்படுத்தி அந்த ஈஸ்மெண்டுகளை எடுத்தது. காரன் தம்பதியின் மனை 11,868 சதுர அடி, அதில் எடுத்தது 3,381 சதுர அடி. அதாவது கால் பங்குக்கு மேல். முன்பு 16 அடி இருந்த மேடு 22 அடி ஆனது. மாடியிலிருந்து தெரிந்த கடல் காட்சியில் ஒரு பகுதி மறைந்து போனது.

இழப்பீடு எவ்வளவு? நகராட்சியின் மதிப்பீட்டாளர் சொன்னது 300 டாலர். வீட்டுக்காரர் தரப்பு மதிப்பீட்டாளர் சொன்னது 5 லட்சம் டாலர். ஜூரி 3,75,000 டாலர் என்று தீர்ப்பளித்தது.

அந்த விசாரணையில் ஒரு பெரிய குறை. மேடு அந்த வீட்டைப் புயலிலிருந்து காக்கிறது என்பதை ஜூரி கணக்கில் எடுக்கவே நீதிபதி அனுமதிக்கவில்லை. ஊருக்கே கிடைக்கும் பொது நன்மையை ஒரு தனி மனையின் இழப்பீட்டிலிருந்து கழிக்கக்கூடாது என்பது பழைய சட்ட வழக்கம். மேல்முறையீடு நடந்துகொண்டிருந்தபோதுதான் சாண்டி வந்தது. 2013 ஜூலை 8-ம் தேதி நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் ஜூரி தீர்ப்பை ரத்து செய்தது. வாங்குபவரும் விற்பவரும் பேரம் பேசும்போது எதையெல்லாம் பார்ப்பார்களோ அதையெல்லாம் இழப்பீட்டிலும் பார்க்க வேண்டும், ஊகமாக இல்லாமல் கணக்கிட்டுச் சொல்லக்கூடிய நன்மை எதுவானாலும் கழிக்கலாம் என்றது. அந்த செப்டம்பரில் காரன் தம்பதி ஒரே ஒரு டாலருக்குச் சமரசம் செய்துகொண்டார்கள்.

அதே செப்டம்பரில் அப்போதைய ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி, மீதி ஈஸ்மெண்டுகளை வாங்க எல்லாச் சட்ட நடவடிக்கையும் எடுக்கச் சொல்லி ஆணை போட்டார். 2017-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம், மணல்மேட்டுக்காக நிரந்தர ஈஸ்மெண்டைக் கட்டாயமாக எடுக்க மாநிலச் சுற்றுச்சூழல் துறைக்கு அதிகாரம் உண்டு என்று உறுதி செய்துவிட்டது. எடுக்கலாமா என்ற கேள்வி அதோடு முடிந்தது. எவ்வளவு கொடுப்பது என்பது மட்டும்தான் மனைக்கு மனை இன்னும் பேசப்படுகிறது.

என் கருத்து, உச்ச நீதிமன்றம் சொன்னது சரி. காட்சி குறைந்ததை மட்டும் எண்ணி, வீடு நிற்பதை எண்ணாமல் விடுவது நேர்மையான கணக்கு இல்லை.

கரையோரவாசி:

நான் இந்தக் கரையில் குடியிருப்பவன், அதனால் மறுபக்கத்தையும் சொல்கிறேன். மறுத்தவர்கள் எல்லாரும் சுயநலக்காரர்கள் என்று அந்த நாட்களில் ஊரெல்லாம் பேசினார்கள். எனக்கு அது இன்றைக்கும் வலிக்கிறது.

மேடு கட்டுவதை நீங்கள் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறீர்களா? கடலுக்குள் கப்பல் நின்று அடிமணலை உறிஞ்சும். ஆள் குனிந்து நுழையலாம் போல இரும்புக் குழாய் கரை நெடுக. அதன் வாயிலிருந்து மணலும் தண்ணீரும் கலந்து கருஞ்சாம்பல் நிறத்தில் கொட்டும், சேற்று நாற்றம் அடிக்கும், ராத்திரி பகலாகப் புல்டோசர் ஓடும். சில வாரம் வெயில் பட்ட பிறகுதான் மணல் வெளுக்கும். அப்புறம் கோடு போட்டது மாதிரி வரிசையாகப் புல் நடுவார்கள். வேலை முடிந்து வெராண்டாவில் வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தால் முன்பு அலை உடையும் இடம் தெரியும். இப்போது புல் தெரியும், புல்லுக்கு மேலே வானம். கடல் பார்க்க மாடிக்குப் போக வேண்டும். முப்பது நாற்பது வருடம் அங்கே உட்கார்ந்திருந்த ஒருவருக்கு இதன் விலை 300 டாலர் என்று கடிதம் வந்தால் அவர் என்ன நினைப்பார்?

நான் மேட்டுக்கு எதிரி இல்லை, கையெழுத்துப் போட்டவன்தான். ஆனால் கேட்கிற விதம் என்று ஒன்று இருக்கிறது. கூட்டத்தில் நாங்கள் கேட்ட கேள்விகள் நியாயமானவை. மேட்டின் உயரத்துக்கு உச்சவரம்பு உண்டா? நாளைக்கு அதே ஈஸ்மெண்டைக் காட்டி மரநடைபாதையும் கழிப்பறையும் கட்டுவீர்களா? கட்ட மாட்டோம் என்று வாயால் சொன்னார்கள். எழுதிக் கொடுங்கள் என்றால் ஆவணத்தின் வாசகத்தை மாற்ற முடியாது என்றார்கள்.

எழுதிக் கொடுத்தாலும் என்ன ஆகும் என்பதற்கு நியூ ஜெர்சியிலேயே ஓஷன் சிட்டி என்ற ஊர் இருக்கிறது. அங்கே முன்பு ஈஸ்மெண்ட் வாங்கியபோது, தடுப்புச் சுவர் மட்டத்தை விட மூன்று அடிக்கு மேல் மேடு உயராமல் பார்த்துக்கொள்வதாக நகராட்சி ஒப்பந்தம் போட்டது. காற்று மணலைச் சேர்த்துச் சேர்த்து மேடு தானாக வளர்ந்தது. அதற்குள் மாநிலச் சட்டம் மாறியதால், வெட்டிக் குறைக்க நகராட்சிக்கு அனுமதி கிடைக்கவில்லை. வீட்டுக்காரர்கள் வழக்குப் போட வேண்டியதாயிற்று. 2013-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்களுக்கு இழப்பீடு உண்டு என்றது. அதற்குள் எத்தனை வருடம் போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

சட்டப்பிரியை:

ஓஷன் சிட்டி தீர்ப்பு நல்ல உதாரணம். அதிலும் புயல் பாதுகாப்பின் மதிப்பைக் கழித்துத்தான் கணக்கிடச் சொன்னார்கள். ஆனால் வாக்கு மீறப்பட்டதற்கு ஒரு விலை உண்டு என்பதை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. 300 டாலர் விஷயத்தில் உங்களோடு முழுக்க உடன்படுகிறேன். அந்த மாதிரி ஒரு எண்ணைப் போட்டு ஆரம்பித்தால் யாருக்கும் நம்பிக்கை வராது.

வரிகட்டி:

இதுவரை பேசியவர்கள் எல்லாரும் வீட்டுக்காரர் பக்கமும் அரசாங்கப் பக்கமும் பேசினீர்கள். பணம் கொடுப்பவன் பக்கம் யாராவது பேச வேண்டாமா?

இந்த மணலுக்கு முதல் கட்டத்தில் வழக்கமாக 65 சதவீதம் மத்திய அரசுப் பணம், மீதி மாநிலமும் நகராட்சியும். சாண்டிக்குப் பிறகு சில திட்டங்களுக்கு முதல் கட்டச் செலவு முழுவதையும் மத்திய அரசே ஏற்றது. அதெல்லாம் கரையில் வீடு இல்லாத எங்கள் வரியும்தான். கோடையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு கடலோர ஊருக்குப் போனோம், பெயர் வேண்டாம். தெருவுக்குத் தெரு "குடியிருப்போர் மட்டும்" என்று பார்க்கிங் பலகை. எங்கோ தள்ளி வண்டியை விட்டுவிட்டு, மடக்கு நாற்காலி, குடை, புளியோதரை டப்பா, தண்ணி கேன் எல்லாம் தூக்கிக்கொண்டு நடந்தோம். தலைக்கு ஒரு பீச் பேட்ஜ் (கடற்கரை நுழைவுச் சீட்டு) வாங்கினோம். என் அம்மாவுக்குச் சர்க்கரை, அடிக்கடி கழிப்பறை போக வேண்டும். கண்ணுக்கு எட்டிய தூரம் கழிப்பறை இல்லை. ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்துவிட்டோம்.

கரையோரவாசி சார், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் வீட்டு முன்னால் கழிப்பறை வந்துவிடுமோ என்று நீங்கள் பயந்த அதே கழிப்பறைதான் என் அம்மாவுக்கு அன்றைக்குத் தேவைப்பட்டது. பொதுப்பணத்தில் மணல் கொட்டினால் அது பொதுக்கரை. அப்படி இல்லையென்றால் அவரவர் செலவில் கொட்டிக்கொள்ளட்டும்.

ஹூஸ்டன்வாசி:

வரிகட்டி சொன்ன கடைசி வரி டெக்சாஸில் நிஜமாகவே நடந்தது. இங்கே 1959-லிருந்து திறந்த கடற்கரைச் சட்டம் இருக்கிறது. புயலில் கரை உள்ளே தள்ளிப் போனால் பொதுமக்களின் உரிமையும் கூடவே நகரும் என்பது நெடுங்கால நடைமுறை. 2005-ல் ரீட்டா புயலுக்குப் பிறகு கால்வெஸ்டனில் ஒரு வீட்டுக்காரர் வழக்குப் போட்டார். திடீரென்று புயல் கரையை நகர்த்தினால் பொது உரிமை தனியார் நிலத்துக்குள் தானாக நகராது என்று மாநில உச்ச நீதிமன்றம் 2010-ல் சொன்னது, 2012-ல் அதையே உறுதி செய்தது. முதல் தீர்ப்பு வந்த கையோடு, தனியார் கரைக்குப் பொதுப்பணம் செலவழிக்க முடியாது என்று மேற்கு கால்வெஸ்டனில் மணல் கொட்டும் திட்டத்தை மாநில நில அலுவலகம் கைவிட்டது. சுமார் 40 மில்லியன் டாலர் திட்டம். உரிமை நிலைத்தது, மணல் வரவில்லை.

கரையோரவாசி:

வரிகட்டி, தப்பாக எடுக்கவில்லை. உங்கள் அம்மாவுக்கு நேர்ந்தது எந்த ஊரிலும் நடக்கக்கூடாது. தெரு முனையில், நகராட்சி நிலத்தில் கழிப்பறை கட்ட எந்த ஈஸ்மெண்டும் தேவையில்லை. அதைக் கட்டாத ஊர்கள் வெட்கப்பட வேண்டும். நாங்கள் கேட்டது, புயல் தடுப்புக்கு என்று வாங்கும் கையெழுத்தை வேறு எதற்கும் பயன்படுத்த மாட்டோம் என்ற உறுதி மட்டும்தான்.

சட்டப்பிரியை:

நியூ ஜெர்சியில் சட்டம் இந்த விஷயத்தில் மக்கள் பக்கம்தான். அலை நனைக்கும் மணல் வரை எல்லாருக்கும் சொந்தம் என்பது பழைய கோட்பாடு. 1984-ல் பே ஹெட் வழக்கில் உலர்ந்த மணலிலும் நியாயமான அளவு இடம் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2005-ல் ராலே அவென்யூ வழக்கில் தனியார் கடற்கரை கிளப்புக்கும் அதையே பொருத்தியது. 2019-ல் சட்டமன்றமும் அதைச் சட்டமாக்கியது. குறை சட்டத்தில் இல்லை, பார்க்கிங்கிலும் கழிப்பறையிலும் இருக்கிறது. அந்த வழியில் ஆளை வரவிடாமல் செய்யும் ஊர்கள் உண்டு.

தம்பாவாசி:

ஃப்ளோரிடாவில் பினெல்லஸ் கவுண்டியில் நடப்பதையும் கேளுங்கள். சாண்ட் கீ கரைக்கு ஆர்மி கோர் பல காலம் மணல் கொட்டி வந்தது. பிறகு எல்லா மனைகளிலிருந்தும் நிரந்தர ஈஸ்மெண்ட் வேண்டும், பொதுமக்கள் பயன்பாட்டோடு சேர்த்து, இல்லையென்றால் வேலை இல்லை என்று நின்றுவிட்டது. ஏராளமான வீட்டுக்காரர்கள் கையெழுத்துப் போடவில்லை. இழுபறி நடந்துகொண்டிருக்கும்போதே 2024 செப்டம்பரில் ஹெலீன், இரண்டு வாரத்தில் மில்டன். இருந்த கொஞ்சநஞ்ச மேடும் அடித்துக்கொண்டு போய், மணல் வீட்டுக்குள்ளேயே வந்து குவிந்தது.

கடைசியில் கவுண்டி தன் பணத்தைப் போட்டது. சுமார் 125 மில்லியன் டாலர். நிரந்தர உரிமை கேட்கவில்லை, வேலை நடக்கும் காலத்துக்கு மட்டும் தற்காலிக அனுமதி கேட்டது. சிலர் மறுத்தாலும் பெரும்பாலோர் கொடுத்தார்கள். எனக்கு இதுதான் சரியான வழி என்று படுகிறது. தேவைக்கு ஏற்ற கையெழுத்து.

சிவில்காரன்:

@தம்பாவாசி, மரியாதையோடு மறுக்கிறேன். தற்காலிக அனுமதியில் கொட்டிய மணலை அடுத்த புயல் கொண்டு போகும், அப்போது மறுபடியும் 125 மில்லியன் எங்கிருந்து வரும்? கவுண்டி ஒவ்வொரு தடவையும் தனியாகத் தாங்குமா? நிரந்தர உரிமை இல்லாமல் மத்திய அரசுப் பணம் வராது.

கரையோரவாசி:

சிவில்காரன், அங்கேதான் எங்கள் மனக்குறை. எங்கள் கையெழுத்து நிரந்தரம். அவர்கள் பணம் வருடா வருடம். 2025-ல் நாடு முழுவதும் புதிய மணல் வேலைக்கு மத்திய பட்ஜெட்டில் ஒன்றுமே ஒதுக்கவில்லை. 1996-க்குப் பிறகு முதல் தடவையாம். எங்கள் ஆவணத்தில் "மேட்டைப் பராமரிக்கும் உரிமை" அரசுக்கு இருக்கிறது. பராமரிக்கும் கடமை எங்கே எழுதியிருக்கிறது? மேடு அரித்துப் போய் மண் சுவர் மாதிரி செங்குத்தாக நிற்கும்போதும் நாங்கள் அதில் ஒரு கூடை மணல் கொட்ட அனுமதி கேட்க வேண்டும்.

சிவில்காரன்:

அது நியாயமான கேள்வி. பதில் சொல்ல வேண்டியது நிதி ஒதுக்கும் அமெரிக்க நாடாளுமன்றம் (காங்கிரஸ்). உரிமையை நிரந்தரமாக வாங்கினால் பராமரிப்பு நிதியும் அதே அளவு உறுதியாக இருக்க வேண்டும் என்று நானும் நினைக்கிறேன். இத்தனை பேரிடம் இதை வாங்கும்போது யாரும் அப்படி எழுதவில்லை என்பது பெரிய ஓட்டை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நியூ ஜெர்சியில் மார்கேட் என்ற ஊர் மேடு வேண்டாம் என்று கோர்ட் வரை போய்த் தோற்றது. 2017 கோடையில் மேடு கட்டும்போது, மழைத்தண்ணீர் மேட்டுக்கும் பழைய தடுப்புச் சுவருக்கும் நடுவில் குளம் மாதிரி தேங்கியது. அப்படி ஆகும் என்று ஊர்க்காரர்கள் முன்பே சொல்லியிருந்தார்கள். அப்புறம்தான் வடிகால் குழாய் போட்டார்கள். மறுப்பவர் சொல்வதைப் பொறியாளர்கள் காது கொடுத்துக் கேட்டிருந்தால் ஒரு கோடை மிச்சமாகியிருக்கும். என் தொழில்காரர்களைப் பற்றித்தான் சொல்கிறேன்.

அதோடு எடிசன்காரருக்கு ஒன்று: மேடு கடல் பக்கத்தை மட்டும்தான் காக்கும். லாங் பீச் ஐலண்ட் மெல்லிய தீவு. பின்பக்க விரிகுடாவிலிருந்து ஏறும் தண்ணீருக்கு மேட்டால் எதுவும் செய்ய முடியாது. வீட்டின் தரைமட்ட உயரம் என்ன, தூண் மேல் கட்டியதா என்று பாருங்கள்.

எடிசன்காரர்:

எல்லாருக்கும் மிக்க நன்றி. மைத்துனருக்கு இழை முழுவதையும் அனுப்பினேன். அவர் கேட்பது இரண்டே கேள்வி. இப்போது வாங்கினால் ஈஸ்மெண்டுக்கு நாங்கள் இழப்பீடு கேட்க முடியுமா? கரைக்கு இறங்கச் சொந்தமாக மரப்பாதை போட முடியுமா?

சட்டப்பிரியை:

முதல் கேள்விக்கு, முடியாது. இழப்பீடு எடுத்த அன்றைக்கு உரிமையாளராக இருந்தவருக்குத்தான். விற்பவர் வாங்கியிருந்தால் வாங்கியதுதான், சும்மா கையெழுத்துப் போட்டிருந்தால் அதுவும் முடிந்த கதை. நீங்கள் ஈஸ்மெண்டோடு சேர்த்துத்தான் வாங்குகிறீர்கள். அதனால் அதை விலையில்தான் பேச வேண்டும்.

இரண்டாவது, வழக்கமான ஆர்மி கோர் வாசகத்தில் மேட்டைத் தாண்டும் மரப்பாதை போடும் உரிமை வீட்டுக்காரருக்கு ஒதுக்கப்பட்டிருக்கும். மேட்டுக்குச் சேதம் வரக்கூடாது, வரைபடத்துக்கு முன் அனுமதி வாங்க வேண்டும். ஏற்கெனவே பாதை இருந்தால் அனுமதிக் கடிதத்தை விற்பவரிடம் கேளுங்கள். ஈஸ்மெண்டின் முழு நகலைக் கவுண்டி கிளார்க் அலுவலகத்தில் எடுத்து, அதன் கோடு எங்கே ஓடுகிறது என்று சர்வேயரை விட்டு மனையில் குறியடிக்கச் சொல்லுங்கள். சில வீடுகளில் டெக்கின் படிக்கட்டே அந்தக் கோட்டுக்குள் இருக்கும்.

கரையோரவாசி:

உயரத்துக்கு ஏதாவது எண் எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். வீட்டைக் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து பாருங்கள், ஏஜெண்ட் எல்லாரையும் நேரே மாடிக்குத்தான் கூட்டிப்போவார். மார்ச் மாதம் ஒரு வடகிழக்குப் புயல் அடித்து ஓய்ந்த மறுநாள் போனால் இன்னும் நல்லது. மேட்டின் கடல் பக்கத்தில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அன்றைக்குத் தெரியும்.

எடிசன்காரர்:

நகல் எடுத்துப் பார்த்தோம். உயரத்துக்கு எண் எதுவும் இல்லை. மரப்பாதைக்கு இடம் ஒதுக்கியிருக்கிறது. கீழ்த்தளத்திலிருந்து இப்போதே புல்தான் தெரிகிறது, அதனால் கடல் காட்சி மாடிக்கு மட்டும் என்று வைத்து விலையைக் குறைத்துக் கேட்கப் போகிறார்கள். சர்வேயருக்குச் சொல்லியாகிவிட்டது, அடுத்த வாரம் வருகிறார்.